பதற வேண்டாம்

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நான் சந்துக்குள்ள போகணும்."

"சந்து வழியா பின்கதவுக்கா? அந்த வேலையெல்லாம் இங்க வேணாம். பின்னாடி போய் நில்லுங்கண்ணே," என்றாள் லோகேஸ்வரி.

பக்கிரிசாமி தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இல்லக்கா, நான் வந்து..."

"வந்தா வரிசையில நில்லுங்க பாஸ்," என்றான் அவளுக்குப் பின்னால் நின்ற சாதிக். வரிசையே சிரித்தது.

மலேசியாவின் கிள்ளானில் உள்ள அந்த மளிகைக் கடை வாசலில் தொடங்கிய வரிசை, பக்கத்துச் சந்தின் வாயை அடைத்துக்கொண்டு மெயின் ரோடு வரை போயிருந்தது. முந்தின நாள் டிவி செய்தியில் எங்கோ ஒரு கடையின் காலி அரிசி அலமாரியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். சாயங்காலத்துக்குள் இந்தக் கடை அலமாரியும் காலி. காலையில் சரக்கு வரும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். காலை போய் வெயில் ஏறிவிட்டது.

மறுநாள் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு லோகேஸ்வரிதான் சமையல். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. பந்தியில் சோறு இல்லையென்றால் அதற்கப்புறம் அவளை யார் கூப்பிடுவார்கள்?

சாதிக் கைப்பேசியை உயர்த்திக் காட்டினான். "மினிஸ்டர் பேசுறாரு. நாட்டுல அரிசி போதுமான அளவு இருக்காம். பதற வேண்டாமாம்."

"போச்சு," என்றாள் லோகேஸ்வரி. "முட்டைக்கும் இப்படித்தான் சொன்னாங்க. அப்புறம் முட்டையைப் படத்துலதான் பார்த்தோம்."

"போர்ட் கிள்ளானுக்குக் கப்பலே வரலயாம் லா," என்றான் சாதிக்.

"யார் சொன்னா?"

"வந்திருந்தா இந்நேரம் இங்க சரக்கு வந்திருக்குமே?"

வரிசை இன்னும் நெருங்கியது. பக்கிரிசாமி மறுபடி வாயைத் திறந்தார். "பின்னாடி," என்று நான்கைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

அப்போது டிவி நிருபர் ஜீவன் மைக்கோடு வந்து சேர்ந்தான். "எல்லாரும் ஒட்டி நில்லுங்க, கூட்டமா தெரியணும். சந்துப் பக்கம் இடைவெளி விடாதீங்க. ஆன்டி, முகத்தைக் கொஞ்சம் கவலையா வைங்க."

"இதுக்கு மேல வைக்க முகத்துல இடமில்ல தம்பி," என்றாள் லோகேஸ்வரி.

ஜீவன் சுற்றிலும் பார்த்தான். கூட்டத்திலேயே அதிகம் வாடிப்போயிருந்த முகம் பக்கிரிசாமியுடையது. மைக்கை அவரிடம் நீட்டினான்.

"அங்கிள், அரிசிக்காக ரொம்ப நேரமா காத்திருக்கீங்களா?"

கடைசியில் அவரைப் பேசவிட ஒரு ஆள் கிடைத்துவிட்டான்.

"நான் எங்க தம்பி காத்திருக்கேன், அரிசிதான் காத்திருக்கு. அதோ ரோட்டோரம் நிக்குதே என் லோரி, அது முழுக்க இந்தக் கடை அரிசிதான். இவங்க இந்தச் சந்தை விட்டா ஸ்டோர்ல இறக்கிட்டுப் போயிடுவேன்."