பக்கத்து இருக்கைக்காரர்

அது கால் இறுதியா, அரை இறுதியா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் கோச் தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தார் என்பதில் சந்தேகமில்லை.

மூவர் கூடைப்பந்தில் கோச்சுக்கு ஆடுகளத்தில் இடம் கிடையாது. நாட்டுக்காக ஆடும் சர்வதேசப் போட்டியானாலும் அவர் பார்வையாளர்களோடுதான் உட்கார வேண்டும். கத்தக் கூடாது, சைகை காட்டக் கூடாது.

இவர் மூக்கைச் சொறிந்தால் தூரத்திலிருந்து எறி, காதைத் தொட்டால் உள்ளே கொடு என்று ஓர் ஏற்பாடு செய்து, முந்தின ஆட்டத்தில் கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தார். இன்னொரு புகார் வந்தால் பெண்கள் அணி மொத்தமும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அணியின் கேப்டன் அவருடைய மகள். காலையிலேயே சொல்லிவிட்டாள். “அப்பா, இன்னிக்கு மூக்கு மேல ஈ உக்காந்தாலும் கையைத் தூக்காதீங்க.”

பின்வரிசையிலிருந்து மேனேஜர் குனிந்தார். கோச்சின் தங்கை கணவர் அவர். “மச்சான், மஃப்டியில ஆள் போட்டு உங்களைக் கவனிக்கிறாங்களாம்.”

“தெரியும் மாப்ள. இடது பக்கம் பாருங்க. பாக்காத மாதிரி பாருங்க.”

இடது பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர். மடியில் நோட்டு, மூடி கழற்றாத பேனா. ஆள் அசையவே இல்லை. ஓரக்கண் மட்டும் அவ்வப்போது கோச்சின் மேல் வந்து போனது.

“எதிரணி கோச் எங்க மாப்ள?”

“புது ஆளாம். கூட்டத்துல எங்கயோ இருக்காராம்.”

“நான் இங்க பிடிச்சு வச்ச மாதிரி உக்காந்திருக்கேன். அந்தாளு எங்க நின்னு கையாட்டுறாரோ.”

மகளின் அணி கூடை போட்டபோதெல்லாம் வெள்ளைச் சட்டைக்காரர் உதட்டைக் கடித்தார். இந்த ஆள் இன்னும் மாட்டவில்லையே என்ற வயிற்றெரிச்சல் என்று கோச் நினைத்துக்கொண்டார்.

பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. இருபத்தொன்றை முதலில் எட்டும் அணிக்கே வெற்றி. பந்து மகளிடம் இருந்தது. கூடைக்கு அடியில், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பெண் தனியாக நின்றாள்.

காதைத் தொட்டால் போதும். கோச்சின் வலது கை ஒரு விரற்கடை வெளியே வந்தது. வெள்ளைச் சட்டைக்காரரின் ஓரக்கண்ணும் வந்தது. கை உள்ளே போய்விட்டது.

மகள் அப்பா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. வளைகோட்டுக்கு வெளியே நின்றபடியே எறிந்தாள். அங்கிருந்து போட்டால் இரண்டு புள்ளி. பந்து வளையத்தில் உரசாமல் இறங்கியது. அரங்கமே எழுந்து நின்றது.

கோச் மரத்துப்போன கைகளை உருவியெடுத்துப் பக்கத்து இருக்கைக்காரரிடம் நீட்டினார். “நல்லா பாத்துக்குங்க சார். ஆட்டம் முடியுற வரைக்கும் இது ரெண்டும் எனக்கு அடியிலதான் இருந்துச்சு. உள்ளது உள்ளபடி எழுதிக்கோங்க.”

வெள்ளைச் சட்டைக்காரர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு நோட்டை மூடினார். அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

“நீங்க எழுதிடுவீங்கன்னு பயந்துதானே சார், நான் வாயைத் தொறக்காம எங்க பொண்ணுங்களைத் தோக்க விட்டேன்.”