கிட்டங்கிக்குள் ஆகாசம்

“செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க அண்ணாச்சி. ஆகாசம் உள்ளதான் இருக்கு,” என்றாள் மந்திரமூர்த்தியின் பெண்டாட்டி இசக்கியம்மாள், டிக்கெட்டைக் கிழித்தபடி.

சிவனாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சரக்குக் கிட்டங்கி அவருடையது. அதற்குள் நுழைய அவரே டிக்கெட் வாங்க வேண்டுமாம்!

கருப்பட்டி மூட்டை அடுக்கப் போவதாகச் சொல்லித்தான் மந்திரமூர்த்தி அதை வாடகைக்குப் பிடித்திருந்தான். இப்போது என்னவென்றால், ‘பட்டப்பகலில் நட்சத்திரக் காட்சி’ என்று தூத்துக்குடி முழுக்கத் தமுக்கடித்துக் கூட்டம் சேர்க்கிறான். சேதி ஸ்ரீவைகுண்டத்தில் அவர் வீடு வரைக்கும் போய்விட்டது. சிவனாண்டி ஐப்பசி மூட்டத்தையும் பாராமல், பூட்டும் சாவியுமாகப் புறப்பட்டு வந்துவிட்டார். இன்றைக்கே அவனைக் காலி செய்துவிட்டுத்தான் மறு வேலை.

மடியை அவிழ்த்து டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கும்போது அவருக்கு உயிரே போகிற மாதிரி இருந்தது.

உள்ளே கும்மிருட்டு. ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றிலும் சாக்கைத் திணித்திருந்தார்கள். யார் காலையோ மிதித்து, யார் மடியிலோ உட்காரப் போய், ஒருவழியாக ஒரு பாயைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

“ஏலே மந்திரம்! எங்கலே இருக்க?”

“இங்கனதான் இருக்கேன். கோவப்படாம அண்ணாந்து பாருங்க அண்ணாச்சி.”

பார்த்தார். திட்டுவதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது.

தலைக்கு மேலே ஆயிரம் நட்சத்திரங்கள்! பெரிதும் சிறிதுமாக, கொத்துக் கொத்தாக, கிட்டங்கியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும்.

“அந்தா, ஏழு சேந்து நிக்கே, அதான் சப்தரிஷி. தெக்க தனியா நிக்கது துருவ நட்சத்திரம்,” என்றான் மந்திரமூர்த்தி.

“ஒரு சந்தேகம்,” என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. தோணிக்காரன் பாஸ்கல். “நான் கொழும்புக்குத் தோணி ஓட்டுதவன். துருவ நட்சத்திரம் வடக்கல்லா இருக்கும்? நீங்க தெக்க காட்டுதிய?”

“நீ சொல்லுதது போகும்போது தெரியுத வானம். இது திரும்பி வரும்போது தெரியுதது.”

பாஸ்கல் கொஞ்சம் யோசித்தான். “அதுவும் சரிதான்,” என்று உட்கார்ந்துவிட்டான்.

திடீரென்று துருவ நட்சத்திரம் காணாமல் போனது. மேலே ஒரு காக்கை கரைந்தது, பிறகு மறுபடி வந்தது.

“கிரகணம்!” என்றான் மந்திரமூர்த்தி. கூட்டம் ‘ஆகா’ என்றது.

சிவனாண்டியின் கணக்குப் புத்தி விழித்துக்கொண்டது.

“ஏலே, யுத்த காலத்துல சிம்னி விளக்குக்கே மண்ணெண்ணெய் இல்லாம ஊரு தவிக்கு. இத்தனைக்கும் உனக்கு எங்கலே கிடைச்சுது?”

“ஒரு துளி எண்ணெய் கிடையாது அண்ணாச்சி.”

“அப்போ கரண்டா?”

“கரண்டும் கிடையாது. செலவே இல்ல.”

செலவே இல்லை! அந்த வார்த்தை சிவனாண்டியின் நெஞ்சுக்குள் இறங்கித் தித்தித்தது. நட்சத்திரங்கள் இப்போது இன்னும் அழகாகத் தெரிந்தன. தன் வீட்டில் கிராமபோன் இருக்கிறதென்று சம்பந்தி என்ன அலட்டல் அலட்டினார்? இருக்கட்டுமே, ஆகாசம் இருக்கிறதா? அடுத்த வாரமே அவரைக் குடும்பத்தோடு கூட்டி வந்து இந்தப் பாயில் உட்கார வைக்க வேண்டும். சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க! மந்திரமூர்த்தியை இனி இங்கேருந்து எவனும் கெளப்ப முடியாது. இந்தக் கிட்டங்கிக்கு அவன் என்ன வேலை செய்யச் சொன்னாலும் என் செலவுல செஞ்சு தாரேன். ஊரறியச் சொல்லுதேன்!”

“கேட்டுக்கிட்டியளா?” என்றான் மந்திரமூர்த்தி.

“கேட்டோம்!” என்றது கூட்டம். பாஸ்கலின் குரல்தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது.

கைதட்டல் எழுந்தது. தலைக்கு மேலேயும் யாரோ கைதட்டுகிற மாதிரி சடசடவென்று கேட்டது. சிவனாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

“ஆமா, இத்தனை நட்சத்திரத்தையும் செஞ்ச கெட்டிக்காரன் யாருலே?”

“நீங்கதான் அண்ணாச்சி.”

“நானா?”

சப்தரிஷியிலிருந்து கொழுத்த சொட்டு ஒன்று அவர் வழுக்கையில் விழுந்தது. அடுத்தது துருவ நட்சத்திரத்திலிருந்து. அப்புறம் எல்லா நட்சத்திரங்களும் ஒழுக ஆரம்பித்தன. சுற்றிலும் இருட்டில் படபடவென்று குடைகள் விரிந்தன.

தன் குடையை அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு மந்திரமூர்த்தி சொன்னான்: “தகரமெல்லாம் இத்துப்போய் ஓட்டையாப் போச்சு, கருப்பட்டி பாகா ஓடுது, ஒருக்கா வந்து கூரையைப் பாருங்கன்னு ஆள் மேல ஆளா விட்டேன், நீங்க எட்டிக்கூடப் பாக்கல. ஆகாசம்னு தமுக்கடிச்ச பொறகுதானே அண்ணாந்து பாத்திய!”