ஆதாரம் போதாது

"இருபத்திரண்டு கட்டுரை. அதுல உருப்படி மூணு" என்றார் பேராசிரியர், சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பவர் போல.

அந்தக் கட்டுரைகளை எழுதிய ஆராய்ச்சிக்காரி எதிரே நின்றிருந்தாள். விலை கேட்பவன் முதலில் சரக்கை மட்டம் தட்டுவான் என்பது அவளுக்குத் தெரியும். இவர் வாங்க வந்தவரா, கடையை மூட வந்தவரா என்பதுதான் தெரியவில்லை.

ரத்தப் புற்றுநோய்த் துறையில் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். பத்திரிகைகள் மதிப்பீட்டுக்கு அனுப்பும் கட்டுரைகளில் பத்துக்கு ஒன்பதை வெட்டிவிடுவார். சுத்தத்திலும் அதே கறார். அன்றைக்கு அவளைக்கூட வாசலில் கை கழுவச் சொல்லி, முகக்கவசம் மாட்டிய பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

அவள் கண்டுபிடித்தது, பழைய மருந்துகள் கைவிட்டவர்களுக்கான முறை. நோயாளியின் ரத்தத்திலிருந்தே காவல் அணுக்களைப் பிரித்தெடுத்து, புற்று அணுவை அடையாளம் காணப் பழக்கி, திரும்ப உடம்புக்குள் அனுப்ப வேண்டும். எலிகளுக்குப் பலித்துவிட்டது, இனி மனிதன். மற்ற அனுமதியெல்லாம் வந்தாயிற்று, பாக்கி இவர் கையெழுத்து ஒன்றுதான். இந்த மாதத்துக்குள் அது விழாவிட்டால் சோதனை ரத்து; கூட வேலை பார்ப்பவர்கள் ஆளுக்கொரு திசை.

"ஆறாவது கட்டுரை மூணு தடவை திரும்பி வந்துச்சே, யார் திருப்பினதுன்னு தெரியுமா?"

"மதிப்பீட்டாளர் பேரை வெளியே சொல்ல மாட்டாங்க சார்."

"நான் கேட்டது அது இல்ல."

"தெரியும் சார். மூணு தடவையும் 'ஆதாரம் போதாது'ன்னு ரெண்டே வார்த்தை. அடிச்ச கை யாருதுன்னு முதுகுக்குத் தெரியாதா?"

ஜன்னலோரம் ஸ்வெட்டர் மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சிரித்துவிட்டார். "அந்தப் பொண்ணை உட்காரவாவது சொல்லுங்க. பத்து வருஷமா நிக்க வெச்சிருக்கீங்க."

"பதில் சொல்லிட்டு உட்காரட்டும். நீ குறுக்க வராத."

பேராசிரியர் கையிலிருந்த தாள்கட்டிலிருந்து ஒரு கட்டுரையை உருவினார். "இது ஒன்பதாவது. பாதி எலி செத்துப்போச்சுன்னு நீயே எழுதியிருக்க."

"ஆமா சார். பழக்கின அணு வெறி பிடிச்ச மாதிரி பெருகிடுச்சு. காய்ச்சல்லயே போயிடுச்சுங்க."

"உங்க துறைத் தலைவர் இதை வெளியிட வேண்டாம்னாராமே?"

"கால்ல விழாத குறை சார்."

"வெளியிட்டதுல என்ன கிடைச்சுது?"

"பக்கத்து அறைக்காரருக்குப் பதவி உயர்வு கிடைச்சுது."

மனைவி மறுபடியும் சிரித்தார். கத்தரிக்கோல் சிரிக்கவில்லை.

"அப்புறம் என்ன மாத்தின?"

"அணுவுக்குள்ளயே ஒரு சுவிட்ச் வெச்சோம். காய்ச்சல் எல்லை மீறினா ஒரு மருந்து கொடுத்து அணுவை அணைச்சிடலாம். பதினாலாவது கட்டுரை சார்."

"அதையும் நான்தான் வெட்டினேன்."

"ஆமா. உங்க ஒரு கேள்விக்காக இன்னும் நாற்பது எலி வாங்கினோம்."

"அணைஞ்சுதா?"

"நாற்பதுலயும்."

அவர் தாளைப் புரட்டினார். புரட்டியதையே திரும்பவும் புரட்டினார்.

"முதல் நோயாளி வந்து, 'நான் பிழைப்பேனா'ன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"தெரியாதுன்னு சொல்லுவேன் சார்."

"ஒரு மரியாதைக்காவது நாலு நல்ல வார்த்தை?"

"எலிக்கு நடந்ததைச் சொல்லுவேன். செத்த எலியையும் சேர்த்து."

ஜன்னலோரம் மடித்த கை நின்றது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பேர்ல நூத்தித் தொண்ணூறு கட்டுரை இருக்கு. ஒண்ணுலகூட ஒரு எலி சாகல" என்றார். பெருமையா, ஒப்புதல் வாக்குமூலமா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு பேனாவைத் திறந்தார். அவள் கொண்டுவந்த தாள்களை ஒன்று விடாமல் படித்து, ஓரிடத்தில் காற்புள்ளியைத் திருத்தி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவள் தாள்களை வாங்கிக்கொண்டாள். "ரொம்ப நன்றி சார்."

"நன்றியெல்லாம் பொழச்சா பார்த்துக்கலாம்" என்றவர், இரண்டு சட்டைக் கைகளையும் முழங்கைக்கு மேலே சுருட்டினார்.

"எந்தக் கையில ரத்தம் எடுக்கப் போற?"