மயிலக்காளுக்குப் புடிக்காத முடிவு

மாரப்பா, போதும் நிறுத்து. லைப்ரரி நாவல்ல கடைசிப் பக்கத்தை வெட்டுனவன் கை அழுகோணும்னு காத்தாலயிருந்து பேக்கரியில உக்காந்து சாபம் உட்டுட்டிருக்கே. இந்தா, பன்னைத் தின்னுட்டுக் கேளு. மத்தவனுங்களும் கேக்கலாம். உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே புஸ்தகம் ரேசன் கார்டு. அதுலயும் கடைசிப் பக்கம் இருக்குதான்னு பாத்திருக்க மாட்டீங்க.

இந்த வெட்டை ஆரம்பிச்சது ஒரு அக்கா. மயிலாத்தாள்னு வெச்சுக்குங்க. பேரு நான் வெச்சதுதான். எந்த பனியன் கம்பெனின்னும் கேக்காதீங்க, நான் இதுவரைக்கும் ஒம்பது கம்பெனி மாறியிருக்கறேன்.

மயிலக்கா செக்கிங் செக்சன். தெச்சு வர்ற பீஸ்ல ஓட்டை பாக்கறது, பிசிறு நூலு வெட்டறது. வாரம் மூணு நாவல் முழுங்கும். பத்தாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்ட நான், என் லைப்ரரி டிக்கெட்ல எடுத்துட்டு வந்து குடுப்பேன். டீ டைம்ல தீர்ப்பு வரும்.

ராஜா காலத்து நாவல் குடுத்தேன். ராஜா நூறு பக்கம் குதிரையில போறாரு, அந்தக் குதிரைக்குத் தண்ணி காட்டுனது யாருன்னு ஒரு வரி இல்லையேன்னுச்சு.

புது நாவல் குடுத்தேன். ஒருத்தன் ஜன்னலோரம் உக்காந்து எம்பது பக்கம் யோசிக்கறான், ஒரு சிப்ட் பாத்தா இத்தனை யோசனை வராதுன்னுச்சு.

பரிசு வாங்குனதுன்னு அட்டையிலயே போட்டிருந்த நாவலக் குடுத்தேன். எங்க லைன் ஊட்டுச் சண்டை இதை விட நல்லா வரும்னுச்சு. இருந்தாலும் ராமுத்தாயிக்குத் தர்றேன்னு எடுத்து வெச்சுக்குச்சு.

ராமுத்தாய் தெக்கத்திப் பொண்ணு. அந்தப் பேரும் நான் வெச்சதுதான். அக்கா ஊட்டுக்குப் பக்கத்துல தனியா இருந்துச்சு. பேச்சே கெடையாது. அக்கா படிச்சு முடிச்சா அடுத்தது அந்தப் பொண்ணு. புஸ்தகத்தைக் கண்டா மட்டும் மூஞ்சி கொஞ்சம் தெளியும்.

ஒரு நாள் லைப்ரரி சீனிச்சாமி சார் ஆறு நாவல மேசை மேல பரப்புனாரு. ஆறுலயும் கடைசிப் பக்கம் இல்ல. ஆறும் என் டிக்கெட்ல போனது. ஆளைக் காட்டாட்டி டிக்கெட்டைக் கிழிச்சிருவேன்னாரு.

வெட்டைப் பாத்தேன். ஒரே இழுப்பா இல்ல, அரை அங்குலத்துக்கு ஒரு கடி. பிசிறு வெட்டற கத்திரி அப்படித்தான் கடிக்கும்.

என் வாயி சும்மா இருக்குமா. சோத்து நேரத்துல செக்சனுக்கே கேக்கற மாதிரி, மயிலக்காளுக்கு நாவலும் டேமேஜ் பீஸ்தாங்க, ஓரத்தை வெட்டித்தான் அனுப்பறாங்கன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. எப்பவும் சிரிக்காத சூப்பர்வைசர் கூடச் சிரிச்சாரு. அக்கா தூக்குப்போசியை மூடிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு.

ஞாயித்துக்கெழமை லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஏம்மா வெட்டுனேன்னு சார் கேட்டாரு.

"முடிவு புடிக்கலீங்க."

"புடிக்கலைன்னா வெட்டிருவியா?"

"ஆமாங்க."

இனி இந்தம்மாளுக்கு ஒரு புஸ்தகம் போகக் கூடாதுன்னுட்டாரு. அக்கா அலமாரியை ஒருக்காப் பாத்துச்சு. அப்பறம் செருப்பை மாட்டிட்டு வெளிய வந்துருச்சு.

பஸ் ஸ்டாப்புல நான் உடல. பெரிய பெரிய ஆளுக எழுதுனதை வெட்டறதுக்கு நீங்க யாரு, அக்கான்னு கேட்டேன். அக்கா பையிலிருந்து வெட்டுன பக்கங்கள எடுத்துக் கையில குடுத்துச்சு.

"படி கண்ணு."

படிச்சேன். மூணு நாவல்ல கதையில வர்ற பொண்ணு கெணத்துல உழுகுது. ரெண்டுல ஆத்துல. ஒண்ணுல அரளி வெதை.

"எழுதறவங்களுக்கு அந்தப் புள்ளைய என்ன பண்றதுன்னு தெரியலீன்னா ஒடனே கெணத்தக் காட்டிடறாங்க. ராமுத்தாய் இங்க வர்றதுக்கு முந்தி மருந்தக் குடிச்சுப் பொழச்சவ. படிக்காதேன்னா அவளுக்கு வேற ஒண்ணுமில்ல. பீஸ் பூராம் நல்லாருக்குது, ஓரத்துல ஓட்டை. அதுக்குன்னு பீஸையே தூக்கிப் போடறமா?"

முடிவு எங்கன்னு அந்தப் பொண்ணு கேக்கும்ல, என்ன சொல்லுவீங்கன்னு கேட்டேன்.

"பக்கம் கிழிஞ்சிருச்சு, ஆனா நான் ஏற்கெனவே படிச்சிருக்கறேன், அவ பஸ் ஏறி வேற ஊருக்குப் போயி வேலைக்குச் சேந்துக்கறான்னு சொல்லுவேன்."

இதைச் சார்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லக்கான்னேன்.

"சொன்னா ஊரே அவ கதையப் படிக்கும், கண்ணு."

பஸ் வந்துச்சு. ஏறிப் போயிருச்சு.

அது ஆச்சு ரெண்டு வருசம். ராமுத்தாய் இப்ப ஓவர்லாக் தையல் மெசின்ல உக்காந்துருச்சு. சூப்பர்வைசரையே எதுத்துப் பேசுது. அதுக்கு வாரம் மூணு நாவல் இன்னும் என் டிக்கெட்ல போகுது. மயிலக்காளும் திருட்டுத்தனமா அதையே வாங்கிப் படிச்சுட்டு, இப்பத்தான் நாவல் நாவலாட்ட இருக்குதுங்குது.

சார் இப்ப திரும்பி வர்ற புஸ்தகத்துல கடைசிப் பக்கத்தப் பாத்துத்தான் வாங்கறாரு. அதுக்காட்டி நான் எடுக்கறதுக்கு முந்தியே, அலமாரிக்குப் பின்னால நின்னு கடைசிப் பக்கத்த மட்டும் படிப்பேன். கெணறு வந்தா கத்திரி. அப்பறம் நானே மேசைக்குக் கொண்டு போயி, பாருங்க சார், எந்தப் பாவியோ இதுலயும் வெட்டிட்டான்னு ரெண்டு திட்டுத் திட்டி, ஏற்கெனவே வெட்டுன புஸ்தகம்னு அவரு குறிச்சதுக்கப்பறம் வாங்கிட்டு வருவேன்.

மாரப்பா, உன்ற நாவல்ல அந்தப் பொண்ணு என்ன ஆனான்னுதான கேட்டே? பஸ் ஏறித் திருப்பூர் வந்துட்டா.

சாபத்தை வேணும்னா இன்னொருக்கா உடு. வெட்டுனது இந்தக் கைதான்.