நண்டு மிளகுக்கு ஒரு வெள்ளை வைன்

காய்ச்சல் வந்து போனதிலிருந்து ஆரோக்கியநாதனுக்கு மூக்கும் நாக்கும் செத்துப்போயிருந்தன. எந்தக் குழம்புக்கு எந்த வைன் என்று சொல்லித்தான் அந்த உணவகத்தில் இருபது வருடமாக அவர் பிழைப்பு ஓடியது. விஷயம் சமையல்கட்டில் வேலை பார்க்கும் அவர் மனைவி பிலோமினாவுக்கு மட்டும் தெரியும்.

"நண்டுல இன்னைக்கு மிளகு தூக்கல். லேசா இனிக்கிற வெள்ளையக் குடுங்க," என்று அவள்தான் காதில் ஓதி அனுப்பினாள்.

வாடிக்கையாக வரும் தாமோதரன் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முதலாளி நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்க மோந்து பாத்துச் சொன்னாத்தான் எனக்குக் குடிச்ச மாதிரி இருக்கும்," என்றார் தாமோதரன்.

ஆரோக்கியநாதன் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். தண்ணீரை முகர்ந்தது போலிருந்தது.

"அருமைங்க. மாம்பழ வாசம்."

தாமோதரனின் மனைவி ஒரு வாய் குடித்ததும், "என்னங்க இது, கெட்டுப்போய்க் காடி மாதிரி புளிக்..." என்று ஆரம்பித்தாள். தாமோதரன் ஆரோக்கியநாதனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மனைவியின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தன் கோப்பையை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். கண்ணில் நீர் முட்டியது.

"நண்டு காரம்," என்றார். தட்டில் நண்டு தொடாமல் கிடந்தது. "உங்க மூக்கை அடிச்சுக்க ஆளே இல்ல. இன்னொன்னு ஊத்துங்க."

ஆரோக்கியநாதன் அந்தத் தொடாத நண்டைப் பார்த்தபடியே பாட்டிலைச் சாய்த்தார்.

முதலாளி முகமெல்லாம் சிரிப்பாக ஒரு வெறுங்கோப்பையை நீட்டினார். "அப்படியா சேதி! எனக்கும் ஒரு வாய் ஊத்துங்கண்ணே."