இரண்டு டாக்சி

"அங்கேயே நில்லு! இன்னும் ஒரு அடி வச்சே, நடக்கிறதே வேற!"

தேகு நகரத்து ஆஸ்பத்திரியில், ஸ்கேன் அறை வாசலில் மாமியார் மல்சுன் போட்ட சத்தத்தில் சேரின் அப்படியே நின்றுவிட்டாள்.

ஏற்கெனவே அவளுக்குப் பாதி உயிர் போயிருந்தது. காலையில் அத்தைக்கு மருந்து ஏற்றும்போதே ஸ்கேன்காரர் சொல்லிவிட்டார்.

"இந்த மருந்துலேர்ந்து வர்ற துகள், உடம்புல இருக்கிற எலெக்ட்ரானோட மோதும்மா. மோதின ரெண்டுமே காணாமப் போயிடும். அதுங்க எடை மொத்தமும் கதிரா மாறி வெளியே பாயும். அதைத்தான் மெஷின் பிடிக்குது."

"அப்போ நான் இளைச்சிடுவேனா?" என்றாள் மல்சுன்.

"அந்த அளவுக்கெல்லாம் குறையாது! ஆனா சாயங்காலம் வரைக்கும் கர்ப்பிணிங்க, குழந்தைங்க பக்கத்துல உட்காராதீங்க."

சேரின் முழுகாமல் இருந்தாள். ஏழு வாரம். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. முன்பு இரண்டு தடவை ஆசையாகச் சொல்லி, இரண்டும் கலைந்துபோயின. வீட்டில் யாராவது பழக் கனவு கண்டால்தான் பிள்ளை தங்கும் என்பார்கள். இந்தத் தடவை யாரும் கண்டதாகச் சொல்லவில்லை. அந்தப் பயம் வேறு.

இப்போது அத்தை தலைசுற்றிச் சுவரைப் பிடித்தபடி நிற்கிறாள். தாங்கப் போகாவிட்டால் பாவி. போனால்?

இரண்டடி வைத்தபோதுதான் அந்தச் சத்தம்.

"பாவம் அந்தப் பொண்ணு! இப்படியும் ஒரு மாமியாரா?" என்று பெஞ்சில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"என்ன முழிக்கிறே? நான் தனி டாக்சியில போறேன். நீ வேற டாக்சி பிடிச்சு உங்கம்மா வீட்டுக்குப் போ. நாளைக்குக் காலை வரைக்கும் என் கண்ணுலேயே படாதே!"

நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு மல்சுன் போய்விட்டாள்.

டாக்சியில் சேரினுக்கு அழுகை முட்டியது. தப்பித்தோம் என்று ஒரு பக்கம். இத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கினோமே என்று ஒரு பக்கம்.

போன் அடித்தது. அத்தைதான்.

"வீட்டுக்கு வந்துட்டேன். உங்கம்மாகிட்ட சொல்லி சூடா ஏதாவது சாப்பிடு."

"நான் என்ன தப்பு செஞ்சேன், அத்தை?"

"நீ ஒண்ணும் செய்யலைடி. நீ கிட்ட வந்ததும் எனக்குத்தான் ஈரக்குலை நடுங்கிடுச்சு. போன மாசம் கனவுல பெரிய பீச் பழம் ஒண்ணு என் மடியில விழுந்துச்சு. நீயா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு இருக்கேன்!"