எக்ஸஸிவ்

கரும்பலகையில் அந்த ஒரு சொல் மட்டும் இருந்தது.

"எக்ஸஸிவ். அளவுக்கு மிஞ்சினது," என்றார் சார். "நெறையன்னா நல்லதாவும் இருக்கலாம். இது அப்பிடி இல்ல. கூடிப்போச்சேன்னு வருத்தப்பட்டுச் சொல்லுதது. ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க."

நாகர்கோவிலில் செருப்புக்கடை மாடி. வெளிநாட்டு வேலைக்குப் போகவிருக்கும் நர்சுகளுக்கான ஆங்கில வகுப்பு.

ஒருத்தி மழை என்றாள். இன்னொருத்தி மாமியார் வைக்கும் மீன்குழம்பில் காரம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் முறை வந்தது. லில்லிபுஷ்பம். மூன்று மாதமாகக் கடைசி பெஞ்சு. ஆங்கிலத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள்.

"எக்ஸஸிவ் ப்ளீடிங்."

திக்கவே இல்லை.

"உச்சரிப்பு சுத்தம்! ஆனா ஆஸ்பத்திரிய விட்டு வெளிய வாங்க சிஸ்டர். வீட்டு விசயம் ஒண்ணு சொல்லுங்க."

அவள் உட்காரவில்லை.

போன கிறிஸ்மசுக்கு முந்தின வாரம், அவள் வேலை பார்த்த பிரசவ வார்டுக்குத் தங்கை ஷைனி வந்தாள். தன் வீட்டுப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தும், அக்கா இருக்கிற இடந்தான் வேண்டும் என்று வந்தவள்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண்.

ரத்தம் நிற்கவில்லை.

டாக்டர் முடிந்ததையெல்லாம் செய்தார். இவள் தங்கையின் வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டே நின்றாள். மதியம் மூன்று மணிக்கு டாக்டர் அந்தக் கைகளைப் பிடித்து விலக்கினார்.

கேஸ் ஷீட்டில் சாவுக்கான காரணத்தை வேறு யாராவது எழுதட்டும் என்றார்.

அவள் பேனாவைக் கொடுக்கவில்லை. அவர் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல, அவளே எழுதினாள்.

"சிஸ்டர்?" சார் காத்திருந்தார்.

"இது வீட்டு விசயந்தான் சார். எனக்க தங்கச்சியாக்கும்."

சார் கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தார்.

"குழந்தை?"

"எங்கூடத்தான் இருக்கு. ஒம்பது மாசம் ஆவுது."

பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்து இழுத்தாள். லில்லிபுஷ்பம் அப்போதும் நின்றுகொண்டே இருந்தாள்.

"சார், ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"அது என்னைய அம்மான்னு விளிக்குது. முந்தாநேத்துலருந்து." பலகையைக் காட்டினாள். "அதுக்கும் இந்தச் சொல்லு வருமா?"

சார் பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இருபது வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்.

"வராது," என்றார்.

அவள் உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டாள்.